மதுரையா, திருச்சியா, சென்னையா? ராமநாதபுரம் கரையிலிருந்து விமானம் ஏறுகிறவர்களுக்கு ஒரு கணக்கு

“காக்கா, மேப்புல பாத்தா துபாய்க்கு மதுரைதான கிட்டக்க இருக்கு? மெட்ராஸ் போய் ஏறுனா பின்னாடி போய்த் திரும்பி வர்ற மாதிரில்ல?”

பக்கத்துத் தெருத் தம்பி ஒருவன் போனை நீட்டிக் கேட்டான். (எங்கள் கரையில் அண்ணனைக் காக்கா என்போம்.) முதல் சபர், அதாவது முதல் வெளிநாட்டுப் பயணம். மூன்று ஊர் டிக்கெட் விலையையும் பார்த்து வைத்துக்கொண்டு ஒரு வாரமாகத் தூங்கவில்லை. சென்னை டிக்கெட் நாலாயிரம் ரூபாய் குறைவு. திருச்சியில் வாரம் முழுவதும் விமானம் இருந்தது. மதுரைதான் பக்கம், ஆனால் அவன் கேட்ட தேதியில் இல்லை. கீழக்கரை, பெரியபட்டினம், பனைக்குளம், தேவிபட்டினம், தொண்டி என்று இந்தக் கரை நெடுக எத்தனையோ வீடுகளில் இதே குழப்பம்தான். உச்சிப்புளியில் கடற்படை விமானம் தலைக்கு மேலே இறங்குவதை வேடிக்கை பார்த்துக்கொண்டே மதுரைக்குக் கார் பிடிக்கிற மாவட்டம் நம்முடையது. அந்தத் தளத்துக்கு ‘பருந்து’ என்று பெயர் வைத்து 2009இல் தொடங்கினார்கள். அது நமக்கான பருந்து இல்லை. ராமேஸ்வரத்தில் புதிய விமான நிலையம் என்று 2025 மார்ச் மாதத் தமிழ்நாடு பட்ஜெட்டில் அறிவிப்பு வந்தது. அது கட்டி முடிந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இருக்காது.

அதுவரைக்கும் கணக்குப் போட்டுத்தான் ஆக வேண்டும்.

## முதலில், எதையெல்லாம் பார்ப்பது

நான் பார்ப்பது ஐந்து. வீட்டு வாசலில் வண்டி ஏறியதிலிருந்து அந்த ஊரில் தரை தொடும் வரை எத்தனை மணி நேரம்? டிக்கெட்டோடு கார், டோல், சாப்பாடு, வழியனுப்ப வருகிறவர்கள் செலவெல்லாம் சேர்த்து எவ்வளவு? பெட்டியின் எடை கடைசிவரை ஒரே அளவாக அனுமதிக்கப்படுகிறதா? ஏதாவது தவறிப்போனால் அடுத்த விமானம் எப்போது? போகிறவர் யார்: முதல்முறை போகும் பையனா, எட்டு தடவை போய் வந்தவரா, முட்டிவலி உள்ள அம்மாவா?

டிக்கெட் விலையைத் தனியாக ஒரு அளவுகோலாக நான் வைப்பதில்லை. எல்லோரும் பார்ப்பது அதை மட்டும்தான், ஏமாறுவதும் அதில்தான்.

தம்பி கேட்ட ‘எது கிட்ட’ என்ற கேள்வி இந்த ஐந்திலும் வரவில்லை, கவனித்தீர்களா? காரணம் இருக்கிறது.

## வானத்தில் எது கிட்ட?

கூகுள் மேப்பில் ஓர் இடத்தை விரலால் அழுத்திப் பிடித்தால் தூரத்தை அளக்கும் வசதி வரும். மதுரை விமான நிலையத்தில் ஒரு புள்ளி, துபாய் விமான நிலையத்தில் ஒரு புள்ளி. உருண்டையான பூமியின் மேல் நூல் பிடித்து இழுத்ததுபோன்ற மிகக் குறுகிய தூரம் அதில் கிடைக்கும். போன் இல்லாமலும் போடலாம். பள்ளிக்கூடத்தில் படித்த பித்தகோரஸ் போதும். இரண்டு ஊருக்கும் அட்சரேகையில் 15.4 பாகை வித்தியாசம். ஒரு பாகை சுமார் 111 கி.மீ. என்பதால் வடக்கே சுமார் 1,710 கி.மீ. தீர்க்கரேகையில் 22.7 பாகை, வடக்கே போகப் போகத் தீர்க்கரேகைகள் நெருங்குவதால் அதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டும், மேற்கே 2,410 கி.மீ. வருகிறது. இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி மூலம் எடுத்தால் 2,955. உருண்டைக் கணக்கை முறையாகப் போட்டால் 2,948. இவ்வளவு தூரத்துக்கு 10 கி.மீ. கூட வித்தியாசமில்லை.

சரி, இப்போது மூன்று ஊருக்கும் போட்டுப் பார்க்கலாம். உருண்டைக் கணக்கில் துபாய்க்கு:

மதுரையிலிருந்து 2,948 கி.மீ.
திருச்சியிலிருந்து 2,939 கி.மீ.
சென்னையிலிருந்து 2,933 கி.மீ.

தம்பி நம்பவில்லை. திரும்ப அளக்கச் சொன்னான். அளந்தேன், அதேதான். மூன்றுக்கும் நடுவே மொத்த வித்தியாசம் 15 கி.மீ., கீழக்கரையிலிருந்து ராமநாதபுரம் போகிற தூரம்கூட இல்லை. விமானத்துக்கு அது ஒரு நிமிடம். அதிலும் ‘பின்னாடி’ இருக்கிற சென்னைதான் ஒரு முடி அளவு கிட்ட!

கவராயத்தின் முள்ளைத் துபாயில் குத்தி, பென்சிலை மதுரையில் வைத்துச் சுற்றுங்கள். அந்த வளைவு திருச்சியை உரசிக்கொண்டு சென்னைக்குப் போகும். துபாய் நமக்கு வடமேற்கே இருக்கிறது. மதுரையிலிருந்து சென்னை வடகிழக்கே. கிழக்கே போவதால் கூடும் தூரத்தை வடக்கே போவதால் குறையும் தூரம் சரிக்கட்டிவிடுகிறது. வரைபடத்தில் சென்னை வலது ஓரத்தில் தெரிவதால் கண் நம்மை ஏமாற்றுகிறது, அவ்வளவுதான்.

சிங்கப்பூருக்கும் போட்டேன். சென்னையிலிருந்து சுமார் 2,925, திருச்சியிலிருந்து 2,980, மதுரையிலிருந்து 3,015. அங்கேயும் சென்னைதான் கிட்ட. ஆனால் இந்த 90 கி.மீ. வித்தியாசம் விமானத்துக்கு ஆறேழு நிமிடம். மானாமதுரைக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தி ஒரு டீ குடித்தால் போய்விடுகிற நேரம்.

விதிவிலக்கு ஒன்றே ஒன்று, கொழும்பு. மதுரையிலிருந்து சுமார் 355 கி.மீ., திருச்சியிலிருந்து 420, சென்னையிலிருந்து 645க்கும் மேல். அங்கே மட்டும் ஊர் முக்கியம். அதிலும் ஒரு கூத்து. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் 30 கி.மீ. அளவுதான். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழிக்கும்வரை நம் ஆட்கள் ரயிலில் வந்து அங்கே கப்பல் ஏறி அக்கரைக்குப் போனார்கள். ‘போட் மெயில்’ என்ற பெயர் அதிலிருந்து வந்ததுதான். இன்றைக்குத் தலைமன்னாரில் ஒரு கல்யாணத்துக்குக் கொழும்பு வழியாகப் போகிறவர், தனுஷ்கோடிக்கு முதுகைக் காட்டி மதுரைக்குப் போய், கடல் தாண்டிக் கொழும்பில் இறங்கி, மறுபடி வடக்கே பாதி நாள் பஸ்ஸில் வர வேண்டும். வான்தூரம் பார்த்து மட்டும் பயணம் போட முடியாது என்பதற்கு நம் கரையைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

## தூரத்தை நேரமாக மாற்றுவது

கி.மீ. தெரிந்தால் மணி நேரம் தெரிந்துவிடுமா? ஓரளவுக்குத் தெரியும். நான் வைத்திருக்கும் குத்துமதிப்பு: தூரத்தை 800ஆல் வகுத்து, அரை மணி கூட்டு. 2,950 கி.மீ.க்கு 3 மணி 41 நிமிடம், அதோடு அரை மணி, 4 மணி 10 நிமிடம். துபாய் டிக்கெட்டுகளில் போட்டிருக்கும் நேரம் இதற்குப் பக்கத்தில்தான் இருக்கும். ஏ320, போயிங் 737 வகை விமானங்கள் மேலே மணிக்கு 830 கி.மீ. அளவில் பறக்கின்றன. ஓடுபாதைக்கு உருண்டு போவது, ஏறுவது, இறங்குவது, வரிசையில் காத்திருப்பது எல்லாம் அந்த அரை மணிக்குள் வரும். விமான நிறுவனங்கள் சொல்லும் பயண நேரமே, விமானம் நின்ற இடத்திலிருந்து நகரும் நிமிடம் தொடங்கி அங்கே போய் நிற்கிறவரை உள்ள நேரம்தான். பறக்கும் நேரம் மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது.

குட்டிப் பயணத்தில் இந்தக் கணக்கு உதைக்கும். மதுரை – சென்னை வான்தூரம் 418 கி.மீ. என் கணக்கில் ஒரு மணி நேரம் வரும். டிக்கெட்டில் ஒன்றேகால் மணிக்குக் குறைந்து பார்த்ததில்லை. காற்றாடி வைத்த ஏடிஆர் விமானம் என்றால் வேகமே மணிக்கு 500தான், இன்னும் கூடும்.

அப்புறம் காற்று. எதிர்காற்று 50 கி.மீ. வேகத்தில் இருந்தால் துபாய்க்குப் பறக்கும் நேரம் 3 மணி 47 நிமிடம். அதே காற்று பின்னாலிருந்து தள்ளினால் 3 மணி 21. ஏறக்குறைய அரை மணி வித்தியாசம், ஊர் வித்தியாசத்தைவிடப் பல மடங்கு. குளிர்காலத்தில் வடக்கே உயரத்தில் மேலைக்காற்று பலமாக வீசுவதால், துபாயிலிருந்து ஊருக்கு வருவது சீக்கிரம், போவது தாமதம். ஆனி, ஆடி, ஆவணியில் தென்னிந்தியாவின் தலைக்கு மேல் காற்று திசை மாறிக் கிழக்கிலிருந்து மேற்கே ஓடுகிறது. கீழே நாம் தென்மேற்குக் காற்றில் மண்ணைத் தின்றுகொண்டிருக்கும்போது, மேலே இது நடக்கிறது. இந்தக் கீழைக்காற்று ஓடையை 1950களில் ஆராய்ந்து எழுதியவர் பி. கோட்டேஸ்வரம் என்ற நம் நாட்டு வானிலை அறிஞர். காற்றைப் பார்த்துத் தொழிலுக்குப் போகும் கரைக்காரர்களுக்கு இதைச் சொன்னால் உடனே புரிகிறது. டிக்கெட் போடுகிறவர்களுக்குத்தான் விளங்க வைக்க வேண்டியிருக்கிறது.

விமானம் நூல் பிடித்த மாதிரி நேராகவும் போவதில்லை. வான்வழித் தடங்கள் இருக்கின்றன. நாடுகள் சில சமயம் வான்வெளியை மூடுகின்றன. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியபோது, டெல்லியிலிருந்து மேற்கே போகும் விமானங்கள் சுற்றிப் போக வேண்டி வந்தது. நம் பக்கத்து விமானங்கள் அரபிக்கடலைக் குறுக்கே கடந்து ஓமான் பக்கமாகப் போவதால் அந்தத் தொல்லை இல்லை.

டிக்கெட்டில் நேரம் பார்க்கும்போது இரண்டு இடத்தில் சறுக்குவார்கள். ஒன்று, அங்கே போட்டிருப்பது அந்தந்த ஊர் நேரம். காலை 10.00க்குக் கிளம்பி 12.40க்குத் துபாய் என்றால் பயணம் 2 மணி 40 நிமிடம் இல்லை. துபாய் நம்மைவிட ஒன்றரை மணி பின்னால் இருப்பதால் 4 மணி 10 நிமிடம். கத்தார், குவைத், சவூதி இரண்டரை மணி பின்னால். சிங்கப்பூர், மலேசியா இரண்டரை மணி முன்னால். அங்கே கழிக்க வேண்டும். கொழும்புக்கு எதுவும் வேண்டாம்.

இன்னொன்று நள்ளிரவு. 15ஆம் தேதி 00.30 என்றால் 14ஆம் தேதி ராத்திரியே போய் நிற்க வேண்டும். இதை உங்களுக்குச் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறது. பல வருடத்துக்கு முன் என் மச்சானை வழியனுப்ப வேன் நிறைய ஆள் ஏற்றி, தொதல் டப்பாவும் கருவாட்டுப் பொட்டலமுமாக ஒரு நாள் தாமதமாகப் போய் இறங்கினோம். கவுன்டரில் இருந்த பெண் டிக்கெட்டைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. திரும்பி வரும்போது வேனில் யாரும் பேசவில்லை.

## தரையில் எது கிட்ட?

வானத்தில் ஒரு நிமிட வித்தியாசம். அப்படியானால் முடிவு தரையில்தான். ராமநாதபுரம் நகரிலிருந்து துபாய்க்கு நேரடி விமானம் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு இது. வெளிநாட்டு விமானத்துக்கு 3 மணி நேரம், உள்நாட்டு விமானத்துக்கு 2 மணி நேரம் முன்னால் விமான நிலையத்தில் இருக்க வேண்டும் என்று வைத்திருக்கிறேன்.

| வழி | தரைப்பயணம் | விமான நிலையத்தில் | விமானம் | மொத்தம் |
|---|---|---|---|---|
| மதுரை, காரில் | 2.30 மணி | 3.00 | 4.10 | 9.40 |
| திருச்சி, காரில் | 3.45 மணி | 3.00 | 4.10 | 10.55 |
| மதுரையில் ஏறிச் சென்னையில் மாறுவது | 2.30 மணி | 2.00 + 3.00 | 1.20 + 4.10 | 13.00 |
| சென்னை, காரில் | 10.30 மணி | 3.00 | 4.10 | 17.40 |
| சென்னை, ரயிலில் | 12.00 மணி | 3.00 | 4.10 | 19.10 |

ராமேஸ்வரத்துக்காரர்கள் இதில் ஒரு மணிக்கு மேல் கூட்டிக்கொள்ள வேண்டும். கீழக்கரைக்கு அரை மணி கூட்டினால் போதும். பரமக்குடிக்காரர்கள் மதுரைக் கணக்கில் முக்கால் மணி கழிக்கலாம்.

## மதுரை

சாலை நமக்குச் சாதகம். ராமநாதபுரத்திலிருந்து 115 கி.மீ. அளவு, பரமக்குடி, மானாமதுரை, திருப்புவனம், சிலைமான் தாண்டி விரகனூர் ரிங்ரோட்டில் இடது பக்கம் திரும்பினால் ஊருக்குள் நுழையாமலே விமான நிலையம். பரமக்குடிக்கு அந்தப் பக்கம் நான்கு வழி. ராமநாதபுரம் – பரமக்குடி இடையிலான 46.7 கி.மீ.யையும் நான்கு வழியாக்க 2025 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. இப்போதைக்கு நேரம் தின்பது அந்தத் துண்டுதான். இரவில் லாரிக்குப் பின்னால் மாட்டினால் 20 நிமிடம் போய்விடும்.

காசில்லாதவர் பஸ்ஸில் வந்து ரிங்ரோட்டில் இறங்கி ஆட்டோ பிடிக்கலாம். 30 கிலோ பெட்டியோடு அதைச் செய்யச் சொல்ல எனக்கு மனம் வராது.

மதுரையின் குறை ஓடுபாதையில் தொடங்குகிறது: 2,285 மீட்டர்தான். பெரிய அகலமான விமானங்கள் வந்து போக அது போதாது. வெளிநாட்டு விமானமும் குறைவு. ஒரு நாளைக்கு ஓர் ஊருக்கு ஒன்று, சில ஊர்களுக்கு வாரத்தில் சில நாள். விமானம் ரத்தானால் அன்றே இன்னொன்றில் ஏற்றிவிட வாய்ப்பு சொற்பம். மறைவான செலவு இங்கே இதுதான்: தவறினால் திரும்ப ஊருக்கு வந்து இரண்டு நாள் கழித்து மறுபடி கார் பிடிக்க வேண்டும். வேலைக்குச் சேரும் தேதி நெருக்கிக்கொண்டிருப்பவர் இதை யோசிக்க வேண்டும்.

கொழும்புக்குப் போகிறவர், வயதானவர், கைக்குழந்தையோடு போகும் பெண்கள், கேட்கும் தேதியில் விமானம் கிடைக்கிறவர்: மதுரைதான். டிக்கெட் மூவாயிரம் கூட இருந்தாலும் மதுரை.

## திருச்சி

திருச்சி என்றவுடனே ‘அவ்வளவு தூரமா’ என்பார்கள். 180 கி.மீ. அளவுதான். தேவகோட்டை, காரைக்குடி, புதுக்கோட்டை வழியாகப் போனால் திருச்சி ஊருக்குள் போகவே வேண்டாம். விமான நிலையம் புதுக்கோட்டை சாலையிலேயே, நகரத்துக்கு முன்னாலேயே வந்துவிடுகிறது. தமிழ்நாட்டில் சென்னைக்கு அடுத்தபடி வெளிநாட்டுப் பயணிகள் அதிகம் போய் வருவது இங்கேதான். 2024 ஜனவரி 2ஆம் தேதி புதிய முனையத்தைத் திறந்தார்கள். பழைய கட்டடத்தில் வியர்த்து நின்றவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

சிங்கப்பூர், கோலாலம்பூர் என்றால் நான் வேறு பேச்சே பேசுவதில்லை. விமானங்கள் அதிகம், போட்டி அதிகம், அதனால் விலையும் படியும். ஒன்று போனால் இன்னொன்று உண்டு. அட்டவணையில் இருக்கும் ஒன்றேகால் மணி வித்தியாசத்தை இந்த நிம்மதிக்காகக் கொடுக்கலாம்.

செலவைப் பார்ப்போம். கார் வாடகை கி.மீ.க்கு 15 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், கீழக்கரையிலிருந்து மதுரை போய்வர 260 கி.மீ., 3,900 ரூபாய். திருச்சி போய்வர 400 கி.மீ., 6,000 ரூபாய். டோல், டிரைவர் படி தனி. ஆக, திருச்சி டிக்கெட் மதுரையைவிட இரண்டாயிரத்துக்குக் கீழே குறைந்தால் அது குறைவே இல்லை. இரண்டு பேர் ஒரே காரில் போனால் கணக்கு மாறும்.

தொண்டி, திருவாடானை, ஆர்.எஸ். மங்கலம் பக்கத்து ஆட்களுக்கு நான் மேலே போட்ட அட்டவணை பொருந்தாது. அவர்கள் பாதி வழியில் இருக்கிறார்கள். தேவகோட்டை ஏறினால் நேர் ரோடு. அவர்களுக்குத் திருச்சி இயல்பான தேர்வு.

## சென்னை

சென்னை டிக்கெட் குறைவாக இருப்பதில் வியப்பில்லை. விமானங்கள் அத்தனை. அந்தக் குறைந்த விலை நம் ஊர் வாசலுக்கு வந்து சேர்வதற்குள் என்ன ஆகிறது என்பதுதான் பேச்சு.

ரயிலில் போகிறவருக்குச் செலவு குறைவு. சேதுவிலோ போட் மெயிலிலோ இரவு ஏறினால் காலையில் தாம்பரம். எழும்பூர்வரை போகாமல் தாம்பரத்திலேயே இறங்கி, மின்சார ரயில் பிடித்தால் திரிசூலம் நிலையத்துக்கு எதிரே விமான நிலையம். இது தெரியாமல் எழும்பூர் போய் டாக்ஸிக்கு ஆயிரம் கொடுத்தவர்கள் உண்டு. பஸ்ஸில் போனால் 2023 டிசம்பர் இறுதியில் திறந்த கிளாம்பாக்கத்தில் இறக்கிவிடுவார்கள். முன்பு கோயம்பேடு போகும் வழியில் விமான நிலையத்து வாசலிலேயே இறங்கிய காலம் போய்விட்டது.

சிக்கல், காலை விமானத்துக்கு இரவு ரயிலை நம்ப முடியாது என்பது. இரண்டு மணி தாமதம் வந்தால் கதை முடிந்தது. ஆகவே மதியத்துக்கு மேல் உள்ள விமானமாகப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் முதல் நாளே போய் அறை எடுக்க வேண்டும். அறை, ஆட்டோ, மூன்று வேளைச் சாப்பாடு, கூட வருகிற மாமாவுக்குத் திரும்பி வர டிக்கெட். நாலாயிரம் லாபம் இதிலேயே கரைந்துவிடும்.

பாம்பன் புதிய ரயில் பாலம் 2025 ஏப்ரல் 6ஆம் தேதி திறந்ததிலிருந்து தீவுக்காரர்களுக்கு ரயில் திரும்பக் கிடைத்திருக்கிறது. 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் ரயில் நின்றபின் மண்டபம்வரை வந்து ஏறியவர்களுக்கு அது பெரிய விஷயம்.

ஐப்பசி, கார்த்திகை பற்றி ஒரு வார்த்தை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையம் நாள்கணக்கில் மூடிக் கிடந்தது. 2023 டிசம்பர் 4இல் மிக்ஜாம் புயலின்போதும் ஓடுபாதையில் தண்ணீர். வடகிழக்குப் பருவமழையில் சென்னையை நம்பிப் போகிறவர் கையில் ஒரு நாள் மிச்சம் வைத்துக்கொள்வது நல்லது.

மதுரையில் ஏறிச் சென்னையில் மாறும் வழி பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. இரண்டும் ஒரே டிக்கெட்டாக, ஒரே பதிவெண்ணில் இருந்தால் நன்றேதான். பெட்டி எடையும் வெளிநாட்டு அளவிலேயே போகும், முதல் விமானம் தாமதமானால் அவர்களே அடுத்ததில் ஏற்றிவிடும் பொறுப்பும் உண்டு. விலை குறைகிறதே என்று தனித்தனியாக இரண்டு டிக்கெட் போட்டால்தான் வம்பு. உள்நாட்டு விமானத்தில் பெரும்பாலும் 15 கிலோதான். நீங்கள் வைத்திருப்பது 30. மீதி 15 கிலோவுக்குக் கிலோ கணக்கில் பணம் கட்ட வேண்டும். சென்னையில் பெட்டியை எடுத்துக்கொண்டு முனையம் மாறி மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனத்துக்கு உங்களைத் தெரியவே தெரியாது. எங்கள் சொந்தத்தில் ஒருவர் இப்படி இரண்டு டிக்கெட் போட்டு, மதுரையிலேயே மூன்று மணி நேரம் உட்கார்ந்து, சென்னையில் இறங்கும்போது வெளிநாட்டு விமானம் போய்விட்டிருந்தது. டிக்கெட் பணம் முழுதும் போச்சு.

அப்படியானால் யார் சென்னைக்குப் போகலாம்? மதுரையிலும் திருச்சியிலும் நேரடி விமானம் இல்லாத ஊருக்குப் போகிறவர்கள். ஐரோப்பா, சவூதியின் சில ஊர்கள் அப்படி. தமிழ்நாட்டுக்குள் ஹஜ் பயணிகளுக்கு ஏறுமிடம் சென்னைதான். சென்னையில் தங்க வீடு உள்ளவர்கள். தனியாக, கைப்பெட்டி மட்டும் எடுத்துக்கொண்டு போகிற இளவட்டங்கள். ‘மாறி ஏறுவது’ தவிர்க்க முடியாதவர்கள், துபாயிலோ தோஹாவிலோ மாறுவதைவிடச் சென்னையில் மாறுவது மேலா என்றும் பார்த்துக்கொள்ளட்டும்; பல சமயம் திருச்சியில் ஏறி வெளிநாட்டில் போய் மாறுவதுதான் லேசு.

## தூத்துக்குடியைக் கணக்கில் எடுக்கலாமா?

சாயல்குடி, கடலாடி, முதுகுளத்தூர் பக்கத்து ஆட்கள் அடிக்கடி கேட்பது. ஈ.சி.ஆர். வழியாக வேம்பார், குளத்தூர் தாண்டி வாகைக்குளம். (நம் ஊரில் ஈ.சி.ஆர். என்றால் கடற்கரைச் சாலையும் உண்டு, பாஸ்போர்ட்டில் குடியேற்ற அனுமதி கேட்கிற வகையும் உண்டு; எதைக் கேட்கிறார்கள் என்று பார்த்துப் பதில் சொல்ல வேண்டும்.) 2025 ஜூலையில் புதிய முனையம் திறந்தார்கள், ஓடுபாதையையும் 3 கி.மீ.க்கு மேல் நீட்டியிருக்கிறார்கள். மதுரையைவிட நீளம். ஆனால் இதுவரை அது உள்நாட்டுக்கான நிலையம். சென்னை, பெங்களூருக்குப் போகவே பயன்படும். நேரடி வெளிநாட்டு விமானம் வரும் நாளில் சாயல்குடிக்காரர்கள் மதுரையை மறந்துவிடலாம்.

## தம்பிக்குச் சொன்னது

அவனுடைய ஐந்தையும் எழுதிப் பார்த்தோம். முதல் பயணம். பெட்டி 30 கிலோ. அம்மா வழியனுப்ப வந்தே தீருவேன் என்கிறார். அவருக்கு 12 மணி நேர ரயில் ஆகாது. வேலைக்குச் சேர இன்னும் ஒன்பது நாள். சென்னை கணக்கிலிருந்து போனது. திருச்சிக்கும் மதுரைக்கும் டிக்கெட்டில் எண்ணூறு ரூபாய்தான் வித்தியாசம், கார் செலவில் அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் போய்விடும். ‘இந்தத் தேதிதான்’ என்று அவன் பிடித்த பிடிவாதம்தான் பாக்கி. ஏன் அந்தத் தேதி என்று கேட்டேன். ஏஜென்ட் சொன்னாராம். போன் போட்டுக் கேட்டோம். இரண்டு நாள் தள்ளிப் போனாலும் ஒன்றுமில்லை என்றார். மதுரை முடிவாயிற்று.

பிறகு கிளம்பும் நேரத்தைப் பின்னாலிருந்து எண்ணினோம். விமானம் இரவு 12.30. கவுன்டர் பெரும்பாலும் ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடும், அதை நம்பாமல் 9.30க்கே உள்ளே இருக்க வேண்டும். கீழக்கரையிலிருந்து மதுரை மூன்று மணி. பரமக்குடிக்கு இந்தப் பக்கம் லாரிக்கு 20 நிமிடம். டிரைவர் மானாமதுரையில் சாப்பிட அரை மணி கேட்பார், கேட்காவிட்டாலும் நிறுத்துவார். ஆக 5.40. அவன் அம்மா மஃரிப், அதாவது அந்தித் தொழுகையை முடித்துவிட்டுக் கிளம்பலாம் என்றார். அதை வழியில் மானாமதுரைக்கு முன்னால் வைத்துக்கொள்ளலாம் என்று சமாதானம் சொல்லி, வண்டிக்காரரிடம் ஐந்தரை என்று சொன்னோம். தேதியை மட்டும் நான் மூன்று தடவை வாங்கிப் பார்த்தேன்.